லயத்து வாசலுக்கு எத்தனை லாந்தர்?

வாசகர் கேள்வி பதில்: மைன்கிராஃப்ட் வீடுகளுக்கு விளக்கு

கட்டம் கட்டமான பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் ஆட்டத்தில், கட்டிய வீட்டுக்கு விளக்கு வைப்பது பற்றி சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எழுதியவர்களில் பாதிக்கு மேல் கைப்பேசியில் பெட்ராக் பதிப்பை விளையாடுகிறவர்கள், மற்றவர்கள் கணினியில் ஜாவா பதிப்பு. ஒளிக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

*அண்ணா, நண்பர்கள் ஐந்து பேர் ஒரே சர்வரில் சேர்ந்து பெரிய வீடு கட்டியிருக்கிறோம். உள்ளே எல்லா இடமும் வெளிச்சமாகத்தான் தெரிகிறது. ஆனால் சுரங்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் கூடத்தில் கிரீப்பர் (கிட்டே வந்து வெடிக்கும் அரக்கன்) நிற்கிறது. இரண்டு முறை சுவரே போய்விட்டது. இன்னும் எத்தனை டார்ச் வைக்க வேண்டும்?*
*படிவம் 3 மாணவர், சுங்கை சிப்புட்*

தம்பி, டார்ச்சை எண்ணுவதற்கு முன் செட்டிங்ஸைத் திறந்து வீடியோ பகுதியில் பிரைட்னஸ் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதை முழுக்க வலது பக்கம் தள்ளியிருந்தால் கும்மிருட்டும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அந்த வெளிச்சம் உங்கள் கண்ணுக்கு மட்டும். ஆட்டம் தன் கணக்கில் அந்த இடத்தை இருட்டு என்றுதான் வைத்திருக்கும். பிரைட்னஸை அடிமட்டத்துக்குக் குறைத்து, இரவில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்த மூலை கறுப்பாகத் தெரிகிறதோ அங்கேதான் கிரீப்பர் பிறக்கிறது.

ஆட்டத்தில் ஒளி 0 முதல் 15 வரை. லாந்தர், குளோஸ்டோன், ஜாக் ஓ லாந்தர், எரியும் கேம்ப்ஃபயர், சீ லாந்தர் எல்லாம் 15. சாதா டார்ச் 14. சோல் லாந்தரும் சோல் டார்ச்சும் 10. ரெட்ஸ்டோன் டார்ச் 7. விளக்கு இருக்கும் பிளாக்கிலிருந்து ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகப் போக ஒன்று குறையும். டார்ச்சிலிருந்து 13ஆவது பிளாக்கில் ஒளி 1, 14ஆவதில் 0.

பலரும் தடுக்கி விழுவது குறுக்குக் கணக்கில். மூலைவிட்டமாக ஒரு பிளாக் போனால் ஒளி ஒன்று குறையாது, இரண்டு குறையும். ஏனென்றால் ஒளி நேராகவும் பக்கவாட்டாகவும் மேலும் கீழுமாகத்தான் நகரும், குறுக்கே வெட்டிக்கொண்டு போகாது. விளக்கிலிருந்து ஒரு மூலைக்கு 5 பிளாக் நேராகவும் 4 பிளாக் பக்கத்திலும் நடக்க வேண்டுமென்றால் 9ஐக் கழியுங்கள். விளக்கு உயரத்தில் தொங்கினால், உங்கள் கால் நிற்கும் மட்டத்திலிருந்து அது எத்தனை பிளாக் மேலே என்பதையும் சேர்த்துக் கழியுங்கள்.

2021 நவம்பர் 30இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து சோம்பி, கிரீப்பர், எலும்புக்கூடு போன்றவை விளக்கொளி சரியாக 0 ஆக இருக்கும் இடத்தில் மட்டுமே பிறக்கும். ஒளி 1 இருந்தாலே போதும். அதற்கு முன்பு 7 வரைக்கும் பிறந்தன. பழைய வீடியோக்களில் ஐந்தடிக்கு ஒரு டார்ச் நடச் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு. உங்கள் சர்வர் பழைய பதிப்பில் ஓடுகிறதா என்று அதை நடத்துகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழையது என்றால் டார்ச்சிலிருந்து 6 பிளாக் வரைதான் பாதுகாப்பு.

புதிய பதிப்பில் சமதரையில் டார்ச்சுகளைச் சதுரமாக 13 பிளாக்குக்கு ஒன்று வைத்தால் இடையில் இருட்டு விழாது. 14 என்று நீட்டினால் நான்கு டார்ச்சுக்கும் நட்ட நடுவில் ஒரே ஒரு பிளாக் 0 ஆகிவிடும். ஒரு கிரீப்பருக்கு அந்த ஒரு பிளாக் போதும். லாந்தரைத் தரையில் வைத்தால் 15 பிளாக்குக்கு ஒன்று. இது நடுவில் சுவர் இல்லாத இடத்துக்கு. சுவர் ஒளியை மறித்துவிடும், கதவும் கண்ணாடியும் மறிக்காது.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 24 பிளாக்குக்குள் எதுவும் தானாகப் பிறக்காது. அதனால்தான் வீட்டில் இருக்கும்போது ஒன்றும் வராமல், ஐந்து பேரும் சுரங்கத்துக்குப் போன நேரமாகப் பார்த்து வந்து நிற்கிறது. கூரைக்கும் உள்கூரைக்கும் இடையிலுள்ள பரண், படிக்கட்டின் அடிப்பக்கம், தட்டையான மொட்டைமாடி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். இரண்டு பிளாக் உயரமும் முழுப் பிளாக் தரையும் இருந்தால் அங்கே பிறக்க இடம் இருக்கிறது என்று பொருள்.

கணினியில் ஜாவா பதிப்பு வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் எஃப்3 பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு வீட்டைச் சுற்றி வரட்டும். ஒளி வரியில் வான ஒளி, பிளாக் ஒளி என்று இரண்டு எண் வரும். பிளாக் ஒளி 0 காட்டும் இடத்தில் ஒரு டார்ச். அவ்வளவுதான்.

விளக்கு வைத்தும் நிற்காதது இரண்டு உண்டு. தரைக்கு அடியில் ஒய் அளவு (உயரத்தைக் காட்டும் எண்) 40க்குக் கீழே பத்தில் ஒரு பங்கு நிலத்தில் ஸ்லைம் எந்த வெளிச்சத்திலும் பிறக்கும். நிலவறையில் அது தொல்லை கொடுத்தால் தரைக்கு அரைப் பிளாக் போடுங்கள் (அடுத்த பதிலில் விவரம் இருக்கிறது). இரவில் வானத்திலிருந்து பாயும் ஃபான்டம், ஆட்டத்தின் 3 நாட்கள் தூங்காமல் இருந்ததால் வருவது. அதற்கு மருந்து கட்டில்தான்.

*வணக்கம். எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்துப் பிள்ளைகள் பழைய தோட்டத்து லயத்தை மைன்கிராஃப்டில் கட்டியிருக்கிறார்கள். ஒரு வரிசையில் எட்டு வீடு. உள்ளே ஒவ்வொன்றும் 6 அகலம், 8 ஆழம். சுவர்களோடு மொத்த நீளம் 57 பிளாக். முன்னால் 2 பிளாக் அகலத்தில் அஞ்சடி (வாசல் நடைபாதை). வாசலுக்கு வாசல் லாந்தர் தொங்கவிட்டோம், வாசலுக்கு வெளியே டார்ச்சும் நட்டோம். லயம் போலவே இல்லை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போல் ஜொலிக்கிறது. இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்ற பிறகு மண்ணெண்ணெய் விளக்கு மட்டும் எரிந்த லயம்தான் பிள்ளைகளுக்கு அவர்கள் பாட்டிமார் சொன்னது. அந்த மங்கலைக் கொண்டுவந்தால் சோம்பி வருகிறது. என்ன செய்யலாம்?*
*ஆசிரியை, தோட்டத் தமிழ்ப்பள்ளி*

டீச்சர், பிள்ளைகள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். இந்தச் சிக்கல் தீராமல் இழுப்பதற்குக் காரணம், விளக்கின் மேல் இரண்டு வேலையை ஏற்றிவிடுகிறோம். ஒன்று காவல், இன்னொன்று அழகு. காவல் வேலையைத் தரையிடம் கொடுத்துவிட்டால் விளக்கை எவ்வளவு மங்கலாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அரைப் பிளாக்கை, அதாவது ஸ்லாபை, கீழ்ப்பாதியில் இருக்கும்படி பதித்தால் அதன்மேல் எதுவும் பிறக்காது. ஒளி 0 ஆனாலும் பிறக்காது. அஞ்சடி 57க்கு 2, ஆகமொத்தம் 114 ஸ்லாப். மூன்று கல்லுக்கு ஆறு ஸ்லாப் கிடைக்கும், எனவே 57 கல் போதும். இருக்கும் தரையைத் தோண்டாமல் அதன் மேலேயே பதியுங்கள். அரைப் பிளாக் உயரம் ஏறி, மண் வாசலிலிருந்து சிமெண்டு அஞ்சடிக்குக் கால் எடுத்து வைப்பது போல் வரும். குதிக்காமலே ஏறிவிடலாம். ஒரே எச்சரிக்கை: பக்கத்துப் பிளாக்கின் மேல்பாதியைத் தொட்டு வைத்தால் ஸ்லாப் மேல்பாதியில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப் போன ஒரு ஸ்லாபின் மேல் சோம்பி தாராளமாகப் பிறக்கும். முடித்ததும் பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்த்து மட்டம் சரியா என்று உறுதி செய்யுங்கள்.

வீட்டுக்குள் ஓர் அறைக்கு 48 ஸ்லாப், எட்டு அறைக்கு 384. அதற்கு 192 பிளாக் வேண்டும். பலகை ஸ்லாபும் செல்லும். அறைக்குள் இன்னொன்று கவனிக்க வேண்டும்: கட்டில், பீப்பாய், பெட்டி எதையும் ஸ்லாபின் மேல் வைத்தால் அரைப் பிளாக் அந்தரத்தில் மிதக்கும். சாமான் வரும் இடத்தில் மட்டும் ஸ்லாபுக்குப் பதில் முழுப் பிளாக் போட்டு அதன்மேல் வையுங்கள். சிறு மேடை கட்டி வைத்தது போல் இருக்கும், உறுத்தாது.

பரணை மறந்துவிடாதீர்கள். துத்தநாகக் கூரைக்கு அடியில் நடுச்சுவர்கள் உச்சி வரை போகாமல் திறந்திருந்தால் (பழைய லயங்கள் பலவும் அப்படித்தான்) 57 நீளத்துக்கும் மூன்றே டார்ச் போதும். அகலத்தின் நடுவரிசையில் ஒரு முனையிலிருந்து எண்ணி 10, 29, 48ஆவது பிளாக்குகளில் வையுங்கள். ஒவ்வொன்றும் இருபுறமும் ஒன்பது ஒன்பது பிளாக்கைக் காக்கும், அகலத்து ஓரங்களிலும் ஒளி 1க்குக் குறையாது. சுவர் உச்சிவரை எழுந்திருந்தால் வீட்டுக்கு ஒன்று, எட்டு டார்ச். கீழே இருந்து பார்த்தால் இவை தெரியாது.

இப்போது விளக்கு. மண்ணெண்ணெய் விளக்குக்கு மெழுகுவத்திதான் பொருத்தம். ஒன்று வைத்தால் ஒளி 3, அதே பிளாக்கில் இரண்டு 6, மூன்று 9, நான்கு 12. அறை மூலையில் ஒரு பீப்பாய், அதன்மேல் இரண்டு மெழுகுவத்தி. ஒளி ஐந்து பிளாக் போய் அடங்கிவிடும். எதிர்மூலை கறுத்திருக்கும், சுவரில் நிழல் படிப்படியாக இறங்கும். அஞ்சடியில் எட்டு வாசலுக்கும் விளக்கு வேண்டாம். இரண்டோ மூன்றோ வாசலில் ஒற்றை மெழுகுவத்தி வையுங்கள், மற்றவை இருட்டாகவே இருக்கட்டும். லாந்தர் ஒன்றே ஒன்று, பொதுக் குழாயடியில். இருட்டில் தண்ணீர் பிடிக்கப் போகிறவருக்குத் தூரத்திலிருந்தே அந்த ஒரு புள்ளி தெரிய வேண்டும். லயத்துக்கு உயிர் கொடுக்கப் போவது அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

ஜெனரேட்டர் ஓடும் நேரத்தையும் காட்ட வேண்டுமென்றால் 2024 ஜூனில் 1.21 பதிப்போடு வந்த செப்பு பல்பு இருக்கிறது. புதுச் செம்பு 15, சற்றுக் கறுத்தது 12, பச்சை ஏறத் தொடங்கியது 8, முழுக்கப் பச்சை பிடித்தது 4. பழைய தோட்டத்து பல்புக்கு 8 கச்சிதம். வேண்டிய நிறம் வந்ததும் தேன்கூட்டால் ஒரு தடவு தடவினால் அதற்குமேல் நிறம் மாறாது. மூன்று செம்புப் பிளாக், ஒரு பிளேஸ் ராட், ஒரு ரெட்ஸ்டோன் தூள் சேர்த்தால் நான்கு பல்பு. எட்டுக்கு ஆறு செம்புப் பிளாக், அதாவது 54 செம்புக்கட்டி, பிளேஸ் ராட் இரண்டு, தூள் இரண்டு.

இந்த பல்பின் அருமை, ஒரு துடிப்புக் கொடுத்தால் எரிந்து அப்படியே நிற்கும், மறுதுடிப்புக்கு அணையும். பல்புகளை உள்கூரையில் பதித்து, பரணில் அவற்றின் தலைமேல் நேராக ரெட்ஸ்டோன் தூளை (ஆட்டத்தில் மின்கம்பி இதுதான்) ஓட்டுங்கள். தூளில் மின்சாரம் 15 பிளாக்குக்கு மேல் ஓடாது. எனவே 15 தூள், ஒரு ரிப்பீட்டர் (மின்சாரத்தைப் புதுப்பித்து அனுப்பும் கருவி), 15 தூள், ஒரு ரிப்பீட்டர், 15 தூள், ஒரு ரிப்பீட்டர், கடைசியில் 9 தூள். ஆக 54 தூளும் 3 ரிப்பீட்டரும் சேர்ந்து 57 பிளாக்கும் நிறைந்துவிடும். பல்பின் நேர்மேலே ரிப்பீட்டர் வரக்கூடாது, தூள்தான் இருக்க வேண்டும். 16, 32, 48ஆவது இடங்களில் பல்பு வராதபடி தள்ளிப் பதியுங்கள். மூன்று டார்ச்சையும் தூளுக்குப் பக்கத்து வரிசையில் நடுங்கள். வரிசையின் தொடக்கத்தில் கங்காணி வீட்டுச் சுவரில் ஒரு கல் பொத்தான். அழுத்தினால் லயமே அணையும். ஒரு பல்பு மட்டும் தலைகீழாக, மற்றவை அணையும்போது எரிந்தால், எப்போதோ அது ஒரு துடிப்பைத் தனியாக வாங்கிவிட்டது என்று பொருள். எல்லாம் அணைந்திருக்கும் நேரத்தில் அதை மட்டும் பெயர்த்து மீண்டும் வைத்தால் சரியாகிவிடும்.

இப்போது தொங்கும் லாந்தர்களைக் கழற்றி வையுங்கள், வேறு இடத்துக்கு ஆகும். பின்னால் லாந்தர் கூடுதலாகத் தேவைப்பட்டால் கணக்கு இது: ஒரு டார்ச்சைச் சுற்றி எட்டு இரும்புத் துண்டு. ஒரு இரும்புக்கட்டி ஒன்பது துண்டாகும். எட்டுக் கட்டியில் ஒன்பது லாந்தர் வரும்.

*என் மகன் வீடு முழுக்க டார்ச் நட்டிருக்கிறான். அந்த வீட்டுக்குள் போனாலே கைப்பேசி சூடாகி ஆட்டம் திணறுகிறது என்கிறான். புதுக் கைப்பேசி வேண்டுமாம். விளக்கால் கைப்பேசி சூடாகுமா?*
*ஒரு தாய், சுங்கை சிப்புட்*

அம்மா, ஓரளவு ஆகும். புதுக் கைப்பேசி வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு டார்ச்சும் சுடரையும் புகையையும் பொறி பொறியாக விட்டுக்கொண்டே இருக்கும், கைப்பேசி அத்தனையையும் வரைய வேண்டும். கேம்ப்ஃபயர் புகை இன்னும் அதிகம். லாந்தர், குளோஸ்டோன் இரண்டும் பொறி விடாது. நூறு டார்ச் இருக்கும் வீட்டில் முன்பு சொன்ன 15 பிளாக் கணக்கில் லாந்தர் வைத்தால் பத்துப் பதினைந்தோடு வேலை முடிந்துவிடலாம். மினுக் மினுக்கென்று அணைந்து எரியும் ரெட்ஸ்டோன் விளக்கு இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் சுற்றியுள்ள ஒளியையெல்லாம் ஆட்டம் புதிதாகக் கணக்கிடுகிறது. செட்டிங்ஸில் ரெண்டர் டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம் வரை வரைய வேண்டும் என்ற அளவை) குறைப்பதும் நல்ல பலன் தரும். சார்ஜ் ஏறும்போது விளையாட வேண்டாம், அதனாலும் சூடு ஏறும்.

*பனிப் பிரதேசத்தில் வீடு கட்டினேன். நாம் பனியை நேரில் பார்த்ததில்லை, ஆட்டத்திலாவது இருக்கட்டும் என்று ஆசை. விளக்கு வைத்ததும் வாசலில் பனி கரைந்து மண் தெரிகிறது.*
*படிவம் 1 மாணவி*

தங்கை, விளக்கொளி 11ஐத் தாண்டினால் பனியும் பனிக்கட்டியும் கரையும். டார்ச்சைச் சுற்றி இரண்டு பிளாக், லாந்தரைச் சுற்றி மூன்று பிளாக் போய்விடும். சோல் லாந்தர் வையுங்கள். அதன் ஒளி 10தான், பனிக்குப் பக்கத்திலேயே வைத்தாலும் கரையாது. நெதரில் (ஆட்டத்தின் பாதாள உலகத்தில்) சோல் மண் எடுத்து வந்து, ஒரு குச்சி, ஒரு கரி, ஒரு சோல் மண் சேர்த்தால் நான்கு சோல் டார்ச் கிடைக்கும். ஒரு சோல் டார்ச்சோடு எட்டு இரும்புத் துண்டு சேர்ந்தால் சோல் லாந்தர். ஒளி குறைவு என்பதால் 9 பிளாக்குக்கு ஒன்று வைக்க வேண்டும். வெள்ளைப் பனியில் நீலச் சுடர் மிக அழகாக இருக்கும். நீலம் சுடரில்தான் தெரியும், சுவரிலும் தரையிலும் விழும் ஒளிக்கு வழக்கமான அமைப்பில் நிறம் கிடையாது.

*தீபாவளிக்கு எங்கள் சர்வரில் மாரியம்மன் கோயிலைச் சுற்றி அகல் விளக்கு வரிசை வைக்க வேண்டும். 48 விளக்கு. எதை வைப்பது, எவ்வளவு பொருள் வேண்டும்? வாசலில் கோலம் ஒளிர வழி உண்டா?*
*நண்பர்கள் குழு, தோட்டப்புறம்*

ஒற்றை மெழுகுவத்திதான். ஒரு நூலும் ஒரு தேன்கூட்டுத் துண்டும் சேர்ந்தால் ஒன்று. 48க்கு 48 நூல், 48 தேன்கூடு. நூல் சிலந்தியிடம். தேன்கூட்டை, நிறைந்து தேன் சொட்டும் கூட்டில் கத்தரிக்கோலால் வெட்டினால் ஒரு தடவைக்கு மூன்று கிடைக்கும், ஆகப் பதினாறு வெட்டு. கூட்டுக்கு அடியில் கேம்ப்ஃபயர் எரியாமல் வெட்டினால் தேனீக்கள் மொய்த்துக் கொட்டும், கொட்டிய தேனீயும் செத்துவிடும். ஒரே கூட்டை நம்பினால் தீபாவளி கடந்துவிடும். நான்கைந்து கூடு வைத்து, சுற்றிலும் பூச்செடி நட்டு, இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

மஞ்சளோ ஆரஞ்சோ சாயம் சேர்த்தால் அகலின் நிறம் வரும். பற்றவைக்க ஓர் இரும்புக்கட்டியும் ஒரு சிக்கிமுக்கிக் கல்லும் சேர்ந்த தீக்கருவி ஒன்று போதும், 64 தடவை தாங்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருந்தால் வரிசையின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் ஏற்றலாம், பார்க்கவே நன்றாக இருக்கும். வெறும் கையால் தொட்டால் அணைந்துவிடும், கவனம். தண்ணீருக்குள் வைத்தது எரியாது. கருவறைக்கு மட்டும் ஒரே பிளாக்கில் நான்கு வைத்து 12 ஆக்குங்கள், வெளியே எல்லாம் ஒற்றை. அந்த வித்தியாசத்தில்தான் வாசலில் நிற்கும்போதே கண் தானாக உள்ளே போகும்.

கோலத்துக்கு: தரையில் கோடு வரும் இடங்களில் ஒரு பிளாக் ஆழம் தோண்டிக் குளோஸ்டோன் பதித்து, மேலே வெள்ளைக் கம்பளம் விரியுங்கள். கம்பளம் ஒளியை மறிக்காது. இரண்டு கம்பளிக்கு மூன்று கம்பளம். ஆனால் எல்லாப் புள்ளியிலும் குளோஸ்டோன் பதிக்காதீர்கள். நான்கு மூலையும் நடுவும் போதும், மற்ற இடத்தில் கம்பளம் மட்டும். கூடுதலாகப் பதித்தால் 48 விளக்கும் அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும். விழா முடிந்து குளோஸ்டோனைச் சில்க் டச் (பிளாக்கை முழுதாக எடுக்க உதவும் மந்திரம்) இல்லாமல் உடைத்தால் முழுப் பிளாக் வராது, 2 முதல் 4 தூள்தான். திரும்பச் செய்ய நான்கு தூள் வேண்டும் என்பதால் நஷ்டம் உங்களுக்கு.

*அடுப்படியில் நெதர்ராக் வைத்துத் தீ மூட்டினேன். அடுப்பு அழகாக எரிந்தது, பிறகு வீடும் எரிந்தது.*
*படிவம் 4 மாணவர்*

நெதர்ராக்கின் மேல் தீ அணையாது, தம்பி. அணையாத தீ பக்கத்தில் ஒரு பிளாக்கும் மேலே நான்கு பிளாக்கும் தாவும். பலகைச் சுவரும் பலகைக் கூரையும் அந்த எல்லைக்குள் இருந்திருக்கும். லாவாவும் இதேபோல் தொடாமலே மரத்தைப் பற்றவைக்கும். அடுப்புக்குக் கேம்ப்ஃபயர் வையுங்கள்: மூன்று குச்சி, ஒரு கரி, மூன்று மரக்கட்டை. ஒளி 15, தீ பரவாது, விறகு கேட்காது, ஒரே நேரத்தில் நான்கு உணவு வேகும், ஒன்றுக்கு 30 வினாடி. மேலே ஏறி நின்றால் மட்டும் சுடும். புகை பத்து பிளாக் வரை எழும். அடியில் வைக்கோல் கட்டு வைத்தால் 24 வரை போகும். ஆகவே புகைபோக்கிக்கு இடம் விட்டுக் கட்டுங்கள்.

*செம்பனை வரிசைக்கு நடுவே 3 பிளாக் அகலத்தில் பாதை போட்டிருக்கிறேன். இருட்டினால் தானாக எரியும் விளக்குக் கம்பம் வைக்க முடியுமா?*
*வாசகர், சுங்கை சிப்புட்*

முடியும். மூன்று வேலிக்கம்பை அடுக்கி, அதன்மேல் ரெட்ஸ்டோன் விளக்கு, அதன் தலையில் பகலொளி உணரி. விளக்குக்கு ஒரு குளோஸ்டோனும் நான்கு ரெட்ஸ்டோன் தூளும். உணரிக்கு மூன்று கண்ணாடி, மூன்று நெதர் குவார்ட்ஸ், மூன்று பலகை ஸ்லாப். வைத்ததும் உணரியை ஒருமுறை தொட்டுத் தலைகீழாக்குங்கள், மேற்பரப்பு நீலமாக மாறும். அதைச் செய்யாமல் விட்டால் பகலில் எரிந்து இரவில் அணையும். பெரும்பாலானவர்கள் விளக்கு கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடுவது இந்த ஒரு தொடுதலை மறந்துதான். உணரிக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும், செம்பனை மட்டைக்கு அடியில் வைத்தால் நேரம் தப்பும்.

கம்பத்தைப் பாதைக்கு வெளியே ஓரத்தில் நடுவீர்கள். விளக்கு கால்மட்டத்துக்கு மூன்று மேலே, எதிர் ஓரம் மூன்று தள்ளி, ஆக ஆறு கழிந்துவிடும். மிச்சத்தில் இருபுறமும் எட்டு எட்டு பிளாக். எனவே 17 பிளாக்குக்கு ஒரு கம்பம். கம்பத்தை இருபுறமும் மாற்றி மாற்றி நட்டாலும் இதே கணக்குத்தான். பாதைக்குத்தான் இந்தக் காவல், செம்பனைக்குள் இருட்டு இருக்கும். அங்கே பிறந்தது நடந்து வரும். அதற்கு ஓரத்தில் வேலி போடுங்கள்.

*டெராரியாவில் வீடு கட்டி டார்ச்சும் வைத்தேன். யாரும் குடிவரவில்லை. வெளிச்சம் போதவில்லையா?*
*படிவம் 2 மாணவர்*

டெராரியா வேறொரு ஆட்டம், தம்பி. அதில் வெளிச்சத்தின் அளவு கணக்கில்லை, ஒரு விளக்கு இருக்கிறதா என்பது மட்டும்தான். ஒரு மரமும் ஒரு ஜெல்லும் சேர்ந்தால் மூன்று டார்ச், அதில் ஒன்று போதும். குறை வேறெங்கோ. சுவரையும் சேர்த்து வீடு 60 கட்டத்துக்குக் குறையாமலும் 750ஐ எட்டாமலும் இருக்க வேண்டும், மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, கதவு ஒன்று வேண்டும். புதியவர்கள் விடுவது பின்சுவரை. மண்ணில் இயற்கையாக இருக்கும் பின்சுவர் செல்லாது, நீங்களே வைத்ததாக இருக்க வேண்டும். பையைத் திறந்து வீட்டுப் பகுதியில் கேள்விக்குறியை எடுத்து அறைக்குள் தொடுங்கள். எது இல்லை என்று ஆட்டமே சொல்லும்.